வெண்பனி கார் ஷாம்பூவுக்கு ஜெயசீலி டீச்சர் சொன்ன சாட்சி

நற்கனி மெட்ரிகுலேஷன் பள்ளியில் சம்பளம் தாமதமாக வரும், பாடப்புத்தகம் தாமதமாக வரும், குடிதண்ணீர் வந்தால் வரும். தாளாளர் சாலமன்ராஜுக்குத் தோன்றுகிற யோசனைகள் மட்டும் ஒருநாளும் பிந்தியதில்லை.

பள்ளி, சாத்தூரிலிருந்து தாயில்பட்டிப் பக்கம் போகிற சாலையில், ஒரு தேவாலயத்தின் காம்பவுண்டுக்குள் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது. சாலமன்ராஜ் பள்ளிக்குத் தாளாளர், சபைக்குச் செயலாளர். ஆகவே வார நாளில் அவர் பேச்சை மீறினால் வேலைக்கு ஆபத்து, ஞாயிற்றுக்கிழமை மீறினால் ஆத்துமாவுக்கு ஆபத்து. இரண்டையும் காப்பாற்றிக்கொள்வதற்காக ஆசிரியர்கள் தலையாட்டப் பழகியிருந்தார்கள்.

இந்த வருஷத்து யோசனை கார் ஷாம்பூ. அவருடைய மச்சான் ஜாபஸ் பட்டாசு ஏஜென்சி வைத்திருந்தவர். சீசன் படுத்துவிட்டதால் ‘வெண்பனி’ என்ற பெயரில் கார் கழுவுகிற சாமான்கள் செய்யும் கம்பெனி தொடங்கினார். ஷாம்பூ, பாலிஷ், கண்ணாடிக்கு ஒன்று, அப்புறம் டயருக்கு அடிக்கிற வெண்பனி கறுப்பு. உள்ளே என்ன சேர்க்கிறார் என்பது கம்பெனி ரகசியம். அது அவருக்கே ரகசியமாக இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் யார் எந்தத் தொழில் தொடங்கினாலும் முதலில் லேபிள் அடித்துவிடுவார்கள், சரக்கைப் பற்றிப் பிறகு யோசிப்பார்கள். ஜாபஸ் லேபிளிலும் மிச்சம் பிடித்தார். ரத்தாகிப்போன ஒரு பட்டாசு ஆர்டரின் லேபிள் கட்டுக்கட்டாகக் கிடந்தது. பெயரை மறைத்து மேலே ‘வெண்பனி’ என்று அடித்துக்கொண்டார். மத்தாப்புப் பிடித்துச் சிரிக்கிற பெண் அப்படியே இருந்தாள். அவளுக்குக் கீழே, ‘பற்றவைத்ததும் விலகி நிற்கவும்’ என்ற வரியும் இருந்தது. அந்தப் பாட்டிலில் இருந்த ஒரே உண்மையான அறிவுரை அதுதான்.

ஆசிரியர் கூட்டத்தில் சாலமன்ராஜ் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார். வீட்டில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, நன்மையைச் சொல்ல வேண்டும். இதற்கு ‘இல்லப் பரிசோதனை ஊழியம்’ என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பள்ளியில் எதற்கு ஊழியம் என்று பெயர் வைக்கிறார்களோ அதற்குக் கூலியும் கிடையாது, முடியாது என்ற பேச்சும் கிடையாது.

“வெளிநாட்டுல ஒரு சாமானைப் புதுசாச் செஞ்சா எலி மேல தடவிப் பார்ப்பாக. நமக்கு எலி எதுக்கு? டீச்சர்மார் இத்தன பேர் இருக்கீக” என்றார் சாலமன்ராஜ்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கையாகப் பேசுகிறவர் இல்லை என்பது அனுபவத்தில் தெரியும்.

கார் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. உடற்கல்வி ஆசிரியர் காசிராஜன் தன்னுடைய மொபெட்டில் தேய்த்தார். பாட்டு டீச்சர் எவாஞ்சலின் வீட்டு ஃபிரிட்ஜில் தேய்த்தார். ஃபிரிட்ஜுக்கும் கதவு இருக்கிறது, பெயிண்ட் இருக்கிறது, கடனில் வாங்கியது என்று எல்லாவிதத்திலும் அது காருக்குச் சமம்தான். தேய்த்து முடித்தபோது ஃபிரிட்ஜ் எந்தக் கம்பெனியுடையது என்பதே தெரியாமல் போயிருந்தது.

உண்மையான கார் இருந்தது மூன்றாம் வகுப்பு ஜெயசீலி டீச்சர் வீட்டில் மட்டும்தான். அதுவும் அவளுடையது இல்லை. அவள் கணவன் யோபு ஓட்டுகிற டாக்சி. பல வருஷம் லோடு வண்டி ஓட்டிச் சேர்த்து வாங்கிய கருநீலக் கார். ஜெயசீலியின் சம்பளம் பள்ளிக்கு எப்போது மனது வருகிறதோ அப்போது வரும். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் காரால்தான். யோபு அதைத் தினமும் விடியற்காலையில் ஒரு வாளித் தண்ணீரும் பழைய வேட்டித் துணியுமாகத் துடைப்பான். அதற்கு மேல் அந்தக் கார் எதையும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பரிசோதனைக் குழு வீடு தேடி வந்தது. ஜாபஸ், காசிராஜன், எவாஞ்சலின். முதலில் கேசரி சாப்பிட்டார்கள். பிறகு ஒரு பாட்டுப் பாடினார்கள். பிறகு ஜாபஸ் கார் பானட் மேல் கை வைத்து ஜெபித்தார். அந்தக் கை வைத்த இடம்தான் பிற்பாடு அதிகமாகக் கெட்டது.

வெண்பனிக்குத் தண்ணீர் தேவையில்லை என்றார் ஜாபஸ். அப்படியே ஊற்றி, வெயிலில் நிறுத்தி, வட்டமாகத் தேய்த்தால் போதும். வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீர் வருகிற ஊரில் அது நல்ல வியாபாரப் பேச்சு. யோபு மட்டும் தயங்கினான். மேலே கரிசல் தூசி கிடக்கிறது, தண்ணீர் விடாமல் தேய்த்தால் கீறிவிடும் என்றான். அதெல்லாம் பழைய காலத்துச் சிந்தனை என்று ஜாபஸ் அவனை அன்போடு கண்டித்தார்.

தேய்த்தார்கள். காய்ந்தது. துடைத்தார்கள். பானட் முழுக்கத் தேமல் படர்ந்ததுபோல் வெளுத்துத் திட்டுத்திட்டாக இருந்தது.

“பயப்படாதீக. உள்ள கெடந்த பழைய அழுக்கு வெளிய வருது. மனுசன் மனந்திரும்புறப்ப அழுக வராதா? அந்த மாதிரிதான்” என்றார் ஜாபஸ்.

பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து என்றும், முழுக் காரையும் தேய்த்துவிட்டால் எல்லாம் ஒரே நிறமாகிவிடும் என்றும் விளக்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கேசரி, மறுபடியும் பாட்டு. கூரை, கதவுகள், பின்பக்கம் என்று ஒன்றையும் விடவில்லை. அவர் சொன்னது பொய்யாகவில்லை. முழுக் காரும் ஒரே தேமலாகிவிட்டது. முன் கண்ணாடிக்கு அடித்தது காய்ந்து ஒரு படலமாக நின்றது. எதிர்வெயிலில் ஓட்டினால், கண்புரை விழுந்தவர் பார்க்கிற மாதிரிதான் ரோடு தெரிந்தது. எவாஞ்சலின் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டார். படத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யோபு மட்டும் காரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை விருதுநகர் குடும்பம் ஒன்று இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு மொட்டை போடப் போக டாக்சி சொல்லியிருந்தது. யோபு போய் வாசலில் நிறுத்தினான். வீட்டு அம்மாள் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ஆத்தாளுக்கு நேர்ந்த பிள்ளையை இந்த வண்டியிலா ஏற்றுவது என்று வேறு டாக்சி கூப்பிட்டாள். அதற்குப் பிறகு மாப்பிள்ளை அழைப்புக்கு யாரும் கூப்பிடவில்லை, ஏர்போர்ட்டுக்கு யாரும் கூப்பிடவில்லை. துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போகிறவர்கள்கூட யோசித்தார்கள். யோபு சாப்பிட்டதும் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எங்கேயும் போகாமல் இருப்பான்.

ஜெயசீலி தாளாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

“வேதத்துல உள்ள யோபு பேர வச்சுக்கிட்டுப் பொறுமை இல்லாம இருந்தா எப்பிடிம்மா?” என்றார்.

இருந்தாலும் நியாயம் நியாயம்தான் என்று ஒரு விசாரணைக் கமிட்டி போட்டார். கமிட்டிக்குத் தலைவர் ஜாபஸ். கமிட்டி காரைப் பார்க்கவில்லை. பார்த்தால் மனது ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும் என்று தவிர்த்துவிட்டது. ஷாம்பூவில் குறை இல்லை, காரிலும் குறை இல்லை, தேய்த்த கையில்தான் குறை என்று ஒருமனதாக முடிவாயிற்று. அதற்குப் பரிகாரமாக அறுவடைக் காணிக்கை செலுத்துகிற அறுப்பின் பண்டிகையன்று, வெண்பனி வெளியீட்டு விழாவில், ஜெயசீலி எழுந்து சாட்சி சொல்ல வேண்டும்.

சாட்சி என்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சபையில் ஒருவர் எழுந்து தனக்குக் கிடைத்த நன்மையைச் சொல்லுவார். முதலில் இருட்டு, நடுவில் ஒரு சந்திப்பு, கடைசியில் வெளிச்சம். கடைசியிலும் இருட்டாகவே இருந்தது என்று இதுவரை யாரும் சாட்சி சொன்னதில்லை. இன்னொன்றும் உண்டு. சாட்சி சொல்கிறவரை நடுவில் யாரும் நிறுத்தக் கூடாது. முடிந்ததும் எல்லாரும் ஆமென் சொல்லியாக வேண்டும்.

அறையை விட்டு வெளியே வந்தபோது போர்டிகோவில் தாளாளருடைய புதுக் கார் நின்றது. கன்னங்கரேல் என்று, ஒரு சிறிய வீட்டளவு கார். வாட்ச்மேன் முனியராஜ் அதைக் கழுவிக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்குக் குழாயில் வராத தண்ணீர் காருக்குக் கேனில் வந்திருந்தது. பக்கத்தில் வெல்வெட் துணியும், மதுரையிலிருந்து வரவழைத்த வெளிநாட்டுப் பாலிஷ் டப்பாவும் இருந்தன. வெண்பனி போடவில்லையா என்று கேட்டாள்.

“அந்தப் பாட்டில இந்த வண்டி பக்கத்துல வைக்கவே கூடாதுன்னுட்டாக டீச்சர்” என்றார் முனியராஜ்.

ஜெயசீலி அங்கேயே நின்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. நல்ல பெண்ணாக, நல்ல டீச்சராக, நல்ல சபையாராக இத்தனை காலம் இருந்தவளுக்கு முதல்முறையாக ஒருவரைப் பழிவாங்க வேண்டும் என்று ஆசை வந்தது. அந்த ஆசை வந்ததில் அவளுக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை. திரும்பிப் போய்த் தாளாளர் அறைக் கதவைத் தட்டி, சாட்சி சொல்ல இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்குமா என்று கேட்டாள். சாலமன்ராஜுக்கு மனது குளிர்ந்துவிட்டது.

இதற்கிடையில் பெற்றோர் கூட்டம் நடந்தது. பிள்ளை ஒன்றுக்கு, ஷாம்பூவும் பாலிஷும் சேர்ந்த வெண்பனி கிட் ஒன்று கட்டாயம் வாங்க வேண்டும் என்று அறிவித்தார்கள். பிள்ளைகளின் அம்மாமாரில் பெரும்பாலோர் பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறவர்கள், மருந்து செலுத்துகிறவர்கள். தாயில்பட்டி இருளம்மாள் எழுந்து, தங்களிடம் கார் இல்லையே என்றாள்.

“கார் வந்தப்புறம் ஷாம்பூ வாங்குறது எல்லாரும் செய்யுறது. கார் வர்றதுக்கு முன்னாலயே ஷாம்பூ வாங்கி வைக்கிறதுக்குப் பேருதான் விசுவாசம்” என்றார் சாலமன்ராஜ்.

இருளம்மாள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். மாரியம்மன் ஒருநாளும் தன்னிடம் ஷாம்பூ வாங்கச் சொன்னதில்லை என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு, கிட்டை வாங்கிக்கொண்டு போனாள். பிள்ளைக்குப் பரீட்சை இருந்தது.

அறுப்பின் பண்டிகை வந்தது. பள்ளி மைதானத்தில் பந்தல். ஒருபக்கம் காணிக்கையாக வந்த பூசணி, முருங்கைக்காய், சேவல்கள். பெற்றோர் எல்லாரும் கிட்டோடு வர வேண்டும் என்று உத்தரவு. போட்டோவில் நிறைந்து தெரிய வேண்டுமே. பந்தல் வாசலில் தாளாளருடைய கறுப்புக் கார் மாலை போட்டுக்கொண்டு நின்றது. வெண்பனி போட்டால் கார் எப்படி மின்னும் என்பதற்கு அதுதான் மாதிரி என்று ஜாபஸ் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மேடையில் சபையின் போதகர் இருந்தார். வயதானவர், நல்லவர், தன் வாழ்நாளில் ஒரு சைக்கிளுக்கு மேல் சொந்தமாக வைத்திருக்காதவர்.

முதலில் காசிராஜன் தனக்குக் கார் இல்லாவிட்டாலும் காரில் போகிற நிம்மதி கிடைத்ததாகச் சாட்சி சொன்னார். எவாஞ்சலின், ஃபிரிட்ஜ் இப்போது உலகப் பெருமை எதுவும் இல்லாமல் தாழ்மையாக நிற்பதாகச் சொன்னார். இரண்டுக்கும் ஆமென் கிடைத்தது. பிறகு ஜெயசீலி எழுந்தாள்.

வெண்பனி வருவதற்கு முன் தங்கள் காரில் பெயிண்ட் என்கிற ஒன்றுதான் தெரிந்தது என்றும், இப்போது பார்க்கிறவர்கள் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள் என்றும் சொன்னாள். யோபு ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தவன், இப்போது நாள் முழுக்க வீட்டிலேயே ஓய்வாக இருக்கிறான் என்றாள். சாலமன்ராஜ் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். பிறகு அவள் போதகர் பக்கம் திரும்பினாள்.

“ஐயா, நம்ம சபையில மொதல்ல காய்ச்ச முருங்கையிலருந்து கோழி இட்ட மொத முட்ட வரைக்கும் முதற்பலனா ஏறெடுக்குறோம். வெண்பனிக்கு மட்டும் இன்னும் முதற்பலன் குடுக்கல. இந்த ஊழியத்த ஆரம்பிச்ச தாளாளர் ஐயா காரு அங்கன நிக்கி. அதுக்கு இதுவரைக்கும் ஒரு சொட்டு வெண்பனிகூடப் படல, முனியராஜ் அண்ணனே சாட்சி. எல்லாக் கிட்டுலயும் மொத மூடியத் தொறந்து, எல்லாருமாச் சேந்து ஐயா கார இப்பமே தேச்சுட்டா, அது எம்புட்டுப் பெரிய ஆசீர்வாதம்.”

போதகருக்கு மனது நிறைந்துவிட்டது. இப்படி ஒரு நல்ல யோசனை இந்தப் பள்ளியிலிருந்து வந்து நாளாயிற்று என்று மைக்கிலேயே சொன்னார். ஆமென் என்றும் சொன்னார். பந்தலே ஆமென் என்றது.

சாலமன்ராஜ் சிரித்த முகத்தோடு எழுந்தார். வெயில் அதிகமாக இருக்கிறது, இன்னொரு நாள் செய்யலாம் என்றார். வெயிலில்தான் நன்றாகப் பிடிக்கும் என்று ஜாபஸ் அண்ணன் சொல்லியிருக்கிறார் என்றாள் ஜெயசீலி. தண்ணீர் இல்லையே என்றார். தண்ணீர் தேவைப்படாததுதானே வெண்பனியின் பெருமை என்று காசிராஜன் நிஜமான பக்தியோடு எடுத்துக்கொடுத்தார். இத்தனை பேருக்கு எதற்குச் சிரமம் என்றார் சாலமன்ராஜ் கடைசியாக. அதற்குள் காசிராஜன் விசில் ஊதிவிட்டார். பழக்கதோஷம்.

அம்மாமார் எழுந்தார்கள். வாரம் முழுக்க விரலால் பிழைக்கிற பெண்கள். செய்கிற வேலையை அரைகுறையாக விட்டுப் பழக்கம் இல்லை. காரைச் சுற்றி நின்று, மூடியைத் திறந்து, ஊற்றி, வட்டமாகத் தேய்த்தார்கள். கை எட்டாத கூரைக்கு இருளம்மாள் ஒரு பெஞ்சு கொண்டுவரச் சொன்னாள். முதல் தேய்ப்பைத் தாளாளரே தேய்க்க வேண்டும் என்று போதகர் ஆசைப்பட்டதால், சாலமன்ராஜ் கழுத்தில் விழா மாலையோடு வந்து பானட்டில் ஒரு வட்டம் போட்டார். ஜாபஸ் ஒரு ஓரத்தில் பட்டும் படாமலும் தடவிக்கொண்டிருந்தார்.

“நல்லா அமுத்தித் தேய்ங்க அண்ணாச்சி. உள்ள கெடக்குற அழுக்கு வெளிய வரட்டும்” என்றாள் இருளம்மாள்.

சாலமன்ராஜ் சிரித்துக்கொண்டே இருந்தார். போட்டோ எடுக்கிறார்கள் என்பதால் சிரிப்பை எடுக்க முடியவில்லை. தேமல் ஒவ்வொரு திட்டாக மேலே வரவர, அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்த போதகர், இவ்வளவு உருக்கமான மனிதர் என்று தெரியாமல் போயிற்றே என்று வருந்தினார். பந்தல் ஓரத்தில் நின்ற யோபு அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு சிரித்தான்.

அதற்குப் பிறகு அந்தக் கார் வெளியே வரவில்லை. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. கேட்டவர்களிடம் கார் உபவாசத்தில் இருக்கிறது என்று ஜாபஸ் சொன்னார். ஜெயசீலி விடவில்லை. தாளாளர் அறைக்குப் போய், அம்மாமார் எல்லாரும் காரைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள், சிவகாசி சபையிலும் இந்தச் சாட்சியைச் சொல்லக் கூப்பிடுகிறார்கள், தார்ப்பாயை எப்போது எடுப்பீர்கள் என்று பணிவாகக் கேட்டாள்.

சாலமன்ராஜ் எழுந்து கதவைச் சாத்தினார். அவருக்கு மதுரையில் சம்பந்தி வீட்டு நிச்சயதார்த்தம் வந்துகொண்டிருந்தது. சிவகாசியில் பாண்டிச்செல்வம் என்பவருடைய பெயிண்ட் பட்டறைக்குத் தன் காரை ஓசையில்லாமல் அனுப்பப்போவதாகவும், யோபுவின் காரையும் கூடவே விட்டால் தன் செலவிலேயே முடித்துத் தருவதாகவும், ஆனால் இது வெளியே ஒரு உயிருக்கும் தெரியக் கூடாது என்றும் சொன்னார். பிள்ளைகள் வாங்கின கிட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று ஜெயசீலி கேட்டாள்.

“அதெப்பிடிம்மா முடியும்? அது அவுக விசுவாசத்துல வாங்குனது. விசுவாசத்தத் திருப்பிக் குடுக்கச் சொல்லுவாகளா?” என்றார்.

அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தாள். அந்தப் பள்ளியில் கற்றுக்கொண்ட தலையாட்டல், எதற்கும் பொருந்தும்.

யோபுவின் கார் பட்டறையிலிருந்து வெளியே வந்தபோது, வாங்கிய நாளில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. அவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு கதவையும் திறந்து சாத்தினான். பிறகு, வேலை போனாலும் போகட்டும், நீ சொல்ல வேண்டியதைச் சொல்லு என்று மனைவியிடம் சொன்னான். கார் ஓடினால் போதும், அடுப்பு எரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. தேவாலயத்து ஒலிபெருக்கியைச் சாலமன்ராஜ் ரோட்டைப் பார்த்துக் கட்டியிருந்தார், உள்ளே வராதவர்களும் திருந்த வேண்டும் என்று. சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழலாம் என்றார் போதகர். ஜெயசீலி எழுந்தாள். சாட்சி சொல்கிறவர்களுக்கான மைக் முன்னால் போய் நின்றாள். செயலாளர் என்ற முறையில் முன்வரிசையில் இன்னொரு மைக்கோடு உட்கார்ந்திருந்த சாலமன்ராஜ் அவளைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். சாட்சியை நிறுத்த வழி இல்லை.

“எங்க கார வெண்பனி கெடுத்துருச்சு. பெயிண்டும் போச்சு, பொழப்பும் போச்சு. ஜெபிச்சோம். நம்ம தாளாளர் ஐயா மனசு எரங்கி, வெண்பனியால கெட்டுப்போன அவுக காரோட எங்க காரையும் சேத்து, சிவகாசியில பெயிண்ட் அடிச்சுக் குடுத்தாக. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாக, அம்புட்டுத் தாழ்ம. ஆனா செஞ்ச நன்மைய மறைக்க எனக்கு மனசு வரல. கெட்டது வெண்பனியாலதான்னு ஒத்துக்கிட்டு எங்களுக்குச் செஞ்ச மாதிரியே, ஐயா பிள்ளைகளோட கிட்டையெல்லாம் திருப்பி வாங்கிக்கிட்டுப் பணத்தையும் குடுத்துருவாகன்னு நான் விசுவாசிக்கிறேன். ஆமென்.”

சபை ஆமென் என்றது. போதகர் ஆமென் என்றார். பிறகு எல்லாரும் முன்வரிசையைப் பார்த்தார்கள். சாலமன்ராஜ் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்து ஆமென் சொன்னார். மைக் அவர் கையிலேயே இருந்ததால், ஜெயசீலியின் சாட்சியைப் போலவே அதுவும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அங்கே குழாயடியில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற இருளம்மாளும் மற்ற பெண்களும் குடங்களை வரிசையிலேயே வைத்துவிட்டு, வீட்டுக்குப் பாட்டில் எடுக்கப் போனார்கள்.